எட்டாங்கல் எதுகைக்காரர்

மெய்விளக்கு வருவதற்கு முன்னால் எட்டாங்கல்லில் பொய் சொல்வதற்கு யாப்பறிவு தேவைப்படவில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நின்றுகொண்டு சொல்லலாம், சைக்கிள் மிதித்துக்கொண்டே சொல்லலாம். அப்படியொரு சுதந்திரம் இருந்தது.

விளக்கு ஒன்றும் பெரிய பொருள் இல்லை. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, காது மாதிரி ஒரு துளை, மேலே சிவப்பு, பச்சை என்று இரண்டு பல்பு. யாராவது அதன் முன் வாயைத் திறந்தால் மெய்யா பொய்யா என்று கேட்டுச் சொல்லிவிடும். நீதிமன்றத்தில் ஒன்று, தாலுகா ஆபீசில் ஒன்று, ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஒன்று, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நாற்காலிக்கு எதிரே ஒன்று. பச்சை எரிந்தால் மெய், சிவப்பு எரிந்தால் பொய், அதற்குமேல் விசாரணை கிடையாது என்று சட்டமும் வந்தது. சாட்சி தேட வேண்டாம், இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டாம். அரசாங்கத்துக்கு எவ்வளவோ டீசல் மிச்சம்.

முதலில் ஊர் முழுக்கச் சிவப்புதான் எரிந்தது. பெயரைச் சொன்னால் சிவப்பு, தகப்பன் பெயரைச் சொன்னால் சிவப்பு. இரண்டாவதுக்காகச் சில வீடுகளில் சண்டைகூட வந்தது. பிறகு ஒரு நாள் பேருந்து நிலையத்துப் பிக்பாக்கெட் ஒருவன் கூண்டில் ஏறினான். பிடிபட்டபோது பர்ஸ் அவன் கையில்தான் இருந்தது. அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "கையில் எடுக்கலை காசு, பையில் இருந்தது தூசு" என்றான். பச்சை எரிந்தது. வெளியே விட்டுவிட்டார்கள். பர்ஸையும் அவனிடமே கொடுத்து அனுப்பினார்கள்.

எட்டாங்கல் புரிந்துகொள்ள அது போதும்.

அன்றைக்கு ஏறிய மார்க்கெட்தான் கொம்பையாவுக்கு. அதுவரை அவர் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வரி எழுதிக்கொண்டிருந்தார். இளமையில் சினிமாவுக்குப் பாட்டெழுதச் சென்னை போனவர். எதுகை மோனையெல்லாம் பழசு, உளறினால் போதும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவரால் உளற முடியவில்லை. எதுகை அவருக்கு வியர்வை மாதிரி. சும்மா நின்றாலே வரும். ஊருக்கே கருமி என்று பேரெடுத்தவன் செத்தாலும் "அள்ளிக் கொடுத்த கரமே, சொல்லிச் சென்றாயோ மரமே" என்று எழுதி, கருமியின் பிள்ளைகளையே ஒரு நிமிடம் நம்ப வைத்த கை அது.

விளக்கு வந்தபின் நீதிமன்ற வாசலில் அவருக்கு ஒரு மேசை. வாதிக்கும் அவர்தான் எழுதுவார், பிரதிவாதிக்கும் அவர்தான். நீதிபதி சொல்கிற தீர்ப்புக்கும் பச்சை எரிந்தாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்களா, அதற்கும் அவர்தான். ஒரே வழக்கின் மூன்று பக்கமும் ஒரே பேனாவில் இருந்து வந்ததால் கையெழுத்துச் சிக்கல் இல்லாமல் நீதி பரிபாலனம் நடந்தது. தொழிலுக்கு ஒரு தர்மமும் வைத்திருந்தார். யார்மேல் வழக்கு என்று கேட்க மாட்டார். என்ன வார்த்தை வேண்டும் என்று மட்டும் கேட்பார். ஆளைத் தெரிந்துகொண்டால் கை நடுங்கும் என்பது அவர் கட்சி.

விளக்கைத் துடைத்து எண்ணெய் போட, அதாவது ஏதோ செய்ய, சென்னையிலிருந்து நிரஞ்சனா என்றொரு இன்ஜினியர் வருவாள். ஒருமுறை டீக்கடையில் கொம்பையா அவளிடம் கேட்டேவிட்டார்.

"தாயி, இந்தப் பொட்டிக்கு நெசம் எது, பொய் எதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாங்கதான் சார். உண்மைக்கு மாதிரி வேணும்ல? தமிழ்நாட்டுல எல்லாரும் ஒத்துக்கிற உண்மை எதுன்னு தேடினோம். பழமொழி, நீதிப் பாட்டு, மேடைப் பேச்சு, லாரி பின்னாடி எழுதியிருக்கிறது. லட்சக்கணக்குல போட்டோம்."

"அம்புட்டும் எதுகையாச்சே!"

"அது அப்புறம்தான் கவனிச்சோம்."

"பொய்யிக்கு?"

"ஆபீஸ் கவுன்டர்கள்ல பதிவு பண்ணினோம். 'நாளைக்கு வாங்க', 'சார் மீட்டிங்ல இருக்கார்', 'நெட் இல்ல' இந்த மாதிரி. ரொம்பச் சுத்தமான பொய்யாத்தான் கிடைச்சுது. ஆனா எல்லாம் உரைநடை."

கொம்பையா டீயை ஆற்றினார். "சரி, தப்புன்னு தெரிஞ்சிட்டுல்லா. திருத்த வேண்டியதுதான?"

"திருத்தணும்னு அறிக்கை எழுதிக் கொடுத்தோம் சார். அமைச்சர் அதை விளக்கு முன்னாடி வாசிக்கச் சொன்னார்." அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "சிவப்பு."

கொம்பையா சிரித்தார். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் மற்றவர்களுக்குத்தான். தேங்காய் வியாபாரி சிவனணைந்தான் மாரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "நெஞ்சு வலிக்கு" என்றார். சிவப்பு. பொய் நோயாளிக்குச் சீட்டுக் கிடையாது. மகன் பக்கத்தில் நின்று பஞ்சு, இஞ்சி, அஞ்சு என்று தேடினான். பதற்றத்தில் எல்லாம் இருந்தது, வாக்கியம் மட்டும் வரவில்லை. கடைசியில் அவன் "கெஞ்சு" என்று ஆரம்பித்து ஒப்பேற்றி, பச்சையும் எரிந்துவிட்டது. சிவனணைந்தான்தான் காத்திருக்கவில்லை. அஞ்சலி போஸ்டருக்குக் கொம்பையாதான் வரி எழுதினார். நல்ல வரி என்று ஊரே சொன்னது.

"ஒரு மனுசன் நெஞ்சப் புடிச்சிட்டு நிக்கான். பாத்தாத் தெரியாதா?" என்று கொம்பையாவின் மனைவி ஆவுடை கேட்டாள். அவள் அப்படித்தான். கல்யாணமான நாள் முதல் "ஆவுடை, கொண்டா வடை" என்று அவர் பாடினால், "வடை இல்ல" என்று பதில் சொல்கிறவள். வாழ்நாளில் அவள் வாயிலிருந்து ஓர் எதுகை வந்ததில்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை. திறந்தால் தண்ணீர் வர வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். பேச்சும் அப்படியே.

இன்னொரு நஷ்டம் பெயர்களில் வந்தது. சுலபமாக எதுகை சிக்குகிற பெயர்க்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கண்ணு என்று முடிகிற பெயர் இருந்தால் தப்பவே முடியாது. மண்ணு, பொண்ணு, புண்ணு, எத்தனை இருக்கிறது தமிழில்! செல்லக்கண்ணு போனார், அய்யாக்கண்ணு போனார், ஒரு பாவமும் அறியாத ராசாக்கண்ணு இரண்டு தடவை போனார். வட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே கண்ணு, தொட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிற மாடக்கண்ணுதான். அவர் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

வசதி உள்ளவர்கள் ஜோசியரிடம் போய் எதுகையே சிக்காத பெயராக மாற்றிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சுடலைமுத்து, பெருந்தொகை கொடுத்து 'க்ஷ்ரௌத்ஸ்' ஆனார். அதை அவர் வீட்டிலேயே யாராலும் உச்சரிக்க முடியவில்லை; சாப்பிடக் கூப்பிடத் தட்டைத் தட்டினார்கள். ஆனால் புதிதாக ஒருவர்மேல் குற்றம் சொல்லவும், தீர்ப்புச் சொல்லவும் பதிவான பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவர்மேல் எந்தக் குற்றமும் பச்சையாக வாய்ப்பில்லை. பெயர் மாற்றிய மறுவாரமே அவர் உற்சாகமாகப் பொதுச் சேவையில் இறங்கிவிட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் கொம்பையா சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைவதற்கு முன்னால் கையை நீட்டி அபிநயத்தோடு சொன்னார்.

"கேளுட்டி. இன்னிக்கு ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்தேன். 'சாவி இருந்தது எவளிடம்? பாவி, பழியும் அவளிடம்!' எப்படி? சாவி, பாவி. எவளிடம், அவளிடம். விளக்கு பச்சையா எரிஞ்சு கருகிப் போவும்."

ஆவுடை குழம்புக் கரண்டியை நிறுத்தினாள். "யாருக்கு எழுதுனிய?"

"கேக்கப்பிடாது. தொழில் தர்மம்."

"தொட்டி மோட்டாரக் காணும்னு காலையிலயிருந்து ஊரு பேசுதே, காதுல விழலயா? ஷெட்டுச் சாவி எங்கிட்டதான இருக்கும்."

கொம்பையா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவர் அந்த வரியை எழுதிக் கொடுத்தது தலைவரின் கணக்குப்பிள்ளையிடம்.

"நீ ஏதும்..."

"நான் எதுக்கு மோட்டாரத் தூக்கப் போறேன்? இடுப்புல செருவிக்கிட முடியுமா அத? தலைவரு டிரைவர் வந்து வால்வு பாக்கணும்னு சாவிய வாங்கிட்டுப் போனான். இப்ப மோட்டாரு அவரு தென்னந்தோப்புல ஓடுது. ரோட்டுல நின்னாலே சத்தம் கேக்கும்."

"கேக்குதுல்லா? பெறவென்ன, போய்ச் சொல்லிருவோம்" என்றார் கொம்பையா. சொன்ன பிறகுதான் எங்கே போய், எதன் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது.

வழக்குக்குத் தேதி போட்டார்கள். குற்றம் பச்சையானால் வேலை போகும், ஆவுடை ஜெயிலுக்கும் போவாள். கொம்பையா மற்ற கிராக்கியையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு மனைவிக்காக எழுத உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வியர்க்கவில்லை. தலைவர் பெயரை முதலில் வைத்துப் பார்த்தார், நடுவில் வைத்துப் பார்த்தார். க்ஷ்ரௌத்ஸ் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. டிரைவர், வால்வு, தென்னந்தோப்பு என்று நடந்தது நடந்தபடியே ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னத்தப் போட்டு உழப்புதீய?" என்றாள் ஆவுடை.

"வர மாட்டேங்குதுட்டி. பொய்யின்னா வார்த்தைய நாம தெரிஞ்செடுக்கலாம். ராமன் பொருந்தலன்னா சோமன். நெசத்துக்கு வார்த்தை மொதல்லயே முடிவாகிப் போச்சு. மாத்த வழியில்ல." சற்று யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் தானா வந்துச்சு. கேளு. 'ஓடையில் பார்த்தது என் கண்ணு, ஓட்டிப் போனவன் மாடக்கண்ணு.'"

"மாடக்கண்ணு அண்ணனா? அவரு ஆட்டத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத மனுசன்."

"தெரியும். ஆனா பச்சை எரியும்."

"அவரு பொண்டாட்டி நாளைக்கு எந்தக் கொடத்த எடுத்துட்டு என் முன்னால வந்து நிப்பா? போங்க, போய்க் கையக் கழுவுங்க."

"பெறவு நீ உள்ள போவ."

"போறேன். அங்கயும் தண்ணித் தொட்டி இருக்கும்."

அன்றைக்குக் கொம்பையா வெகுநேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எத்தனை கொலைகாரனுக்கு, எத்தனை கள்ளக் கணக்கனுக்கு நொடியில் வந்த எதுகை, ஆவுடைக்கு ஏன் வரவில்லை? யோசிக்கக் கூடாத இடத்துக்கு யோசனை போயிற்று. தெருவில் கடிநாயைப் பார்த்த மாதிரி, அதைக் கண்டும் காணாததுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீதிமன்றம் நிறைந்திருந்தது. தலைவர் பட்டுத் துண்டோடு வந்து, "சாவி இருந்தது எவளிடம்? பாவி, பழியும் அவளிடம்!" என்றார். விளக்கு கொம்பையா சொன்னது போலவே எரிந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், வரிக்காகத்தான். ஆசிரியர் என்ற முறையில் கொம்பையாவுக்கு ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. அதற்கு அவர் பிறகு வெட்கப்பட்டார்.

ஜன்னலுக்கு வெளியே மாடக்கண்ணு, ஒரு கையில் ஆட்டுக்குட்டியோடு, எந்த நேரமும் ஓடத் தயாராக நின்றார். கொம்பையாவுக்குத் தானாக வந்த அந்த 'ஓடை' வரி எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது.

ஆவுடை கூண்டில் ஏறினாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள்.

"நான் எடுக்கலய்யா. தலைவரு டிரைவர்தான் சாவிய வாங்கிட்டுப் போனாரு. மோட்டாரு அவுக தோப்புல ஓடுது. போய்ப் பாத்தாத் தெரியும். நடந்தே போயிரலாம்."

சிவப்பு.

நீதிபதி செல்வநாயகம் நல்ல மனிதர். வருத்தமாகவே சொன்னார். "போய்ப் பாக்கலாம்னு சட்டத்துல இடமில்லையேம்மா. வேற ஏதாவது சொல்றீங்களா? சின்னதா, ரெண்டு அடியில?"

"வேற ஒண்ணும் நடக்கலய்யா."

அதற்கும் சிவப்பு. மாடக்கண்ணு ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீதிபதி பெருமூச்சோடு, மேடைக்குக் கீழே முக்காலியில் இருந்த கொம்பையாவின் பக்கம் குனிந்தார். "கொம்பையா, குற்றம் நிரூபணம்னு ஓர் அடி கொடும்."

அப்போதுதான் அது நடந்தது. அத்தனை நாள் கெஞ்சியும் வராத எதுகை, கூப்பிடாமலே வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. ஆவுடை என்ற பெயருக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தொழிலில் அப்படி ஒரு வரி வருவது ஆயுளில் ஒருமுறை. கொம்பையா பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து மடமடவென்று தண்ணீரைக் குடித்தார். வரி உள்ளே போய்விட்டது.

"வரலய்யா."

"வரலையா? உமக்கா?"

"வத்திப் போச்சு. தொட்டிய மாதிரிதான்."

"ஓய், விளையாடாதீரும். மேசைய எடுத்துருவேன்."

"எடுத்துருங்க."

எட்டாங்கல்லுக்கு அவர் ஒருவர்தான் எதுகைக்காரர். அவர் இருக்கிற தெம்பில் வக்கீல்களெல்லாம் மோனைக்கும் மோருக்கும் வித்தியாசம் மறந்து பல வருஷம் ஆகிவிட்டது. நீதிபதி தொண்டையைச் செருமி, தாமே முயன்றார். "ஆவுடை குற்றவாளி." சிவப்பு. "ஆவுடையாகிய எதிரி குற்றம் புரிந்தார் என்று..." சிவப்பு. அரசு வக்கீல் எழுந்து, "மாவடு, ஐயா, மாவடு" என்று உதவிக்கு வந்தார். மாவடுவை வழக்கோடு சேர்க்க யாராலும் முடியவில்லை.

"சரி, வழக்கை ஒத்திவைக்கிறேன்" என்றார் நீதிபதி.

சிவப்பு. ஒத்திவைப்பதும் உத்தரவுதானே. அது பொய்யானால் ஒத்திவைக்கப்படவில்லை என்று அர்த்தம்.

"நீதிமன்றம் கலைகிறது!"

சிவப்பு. ஒருவரும் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் அவமதிப்பு. டவாலிச் சேவகன் வாசலில் குறுக்கே நின்றுகொண்டான். மணி பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை என்று போயிற்று. தலைவர் பட்டுத் துண்டால் விசிறிக்கொண்டார். ஆவுடை கூண்டிலேயே உட்கார்ந்து சேலை முந்தானையில் பிரிந்த நூலை முடிந்தாள். நீதிபதியின் மேசைக்குப் பின்னால் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் மீன்குழம்பு வாசத்தோடு காத்திருந்தது. அவருக்கு அல்சர் வேறு.

இரண்டு மணி வாக்கில் மனுஷருக்குப் பொறுமை போய்விட்டது. விளக்கைப் பார்த்தே கத்தினார்.

"ஆறிப் போகுது சோறு!"

விளக்கு பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் கண்ணடித்தது. அடுத்த அடிக்காகக் காத்திருக்கிறது! நீதிமன்றமே மூச்சைப் பிடித்தது. அரசு வக்கீல் கைகூப்பி, "முடிச்சிருங்கய்யா, முடிச்சிருங்க" என்றார். நீதிபதி கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடு துடித்தது.

"ஆவுடை மேல் இல்லை கோளாறு!"

பச்சை. அடர் பச்சை.

தீர்ப்பு. பச்சையானதை மேல்முறையீட்டில்கூட மாற்ற முடியாது. கூட்டம் ஆரவாரித்தது. நேற்றுவரை ஆவுடையைப் பார்த்தால் குடத்தை இடம் மாற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்களுக்குத் தெரியும்க்கா, நீ எடுத்திருக்க மாட்டேன்னு" என்றார்கள். நீதிபதி மீன்குழம்பைத் திறக்கக்கூட இல்லை. தம் முதல் கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் தோப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது தீர்ப்பில் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் கொம்பையாவுக்கு மேசை போன கவலை இல்லை. வேறொன்று முள்ளாகக் குத்தியது. 'இல்லை கோளாறு' என்ற இடத்தில் 'உண்டு கோளாறு' என்று அந்த மனிதர் முடித்திருந்தாலும் பச்சைதான் எரிந்திருக்கும். பசியில் வாய்க்கு முந்தி வந்தது 'இல்லை'. அந்தப் பச்சையை வைத்து ஊர் நம்பிவிட்டது. அவர் எதை வைத்து நம்புவது? அன்றைக்குத் திரும்பிப் படுத்துத் தவிர்த்த யோசனை, எழுந்து வந்து பக்கத்திலேயே நடந்தது. தண்டிப்பதற்கு எதுகை உடனே வந்தது. காப்பாற்றுவதற்கு வரவே இல்லை. அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமோ?

அடுக்களையில் ஆவுடை பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்தாள். தோப்புப் பக்கமிருந்து மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரைஸ்மில் சத்தமாகவும் இருக்கலாம்.

கொம்பையா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏட்டி, கோவிச்சுக்கிடாத. விளக்கும் இல்ல, யாரும் இல்ல. நமக்குள்ள கேக்கேன். நெசமாவே நீ எடுக்கலதான?"

ஆவுடை வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தவளின் முகத்தில் அன்றைக்கு முழுவதும் இல்லாத ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு வெங்காயத்தை உரித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"கேட்டது புருசனா, விளக்கா? வீட்டுக்குள்ள இன்னொரு வழக்கா?"

கொம்பையா விரல்விட்டு எண்ணினார். கேட்டது, வீட்டு. விளக்கா, வழக்கா. எந்த அடியிலும் ஒரு குறை சொல்ல இடமில்லை. அவர்கூட அதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. எடுத்தாளா இல்லையா என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அவர் மெல்லத் தலையைத் தூக்கி, அஞ்சறைப் பெட்டிக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்தார், பச்சையா சிவப்பா என்று.